கோல்கா முனையில் கூப்பிட்ட பெயர்

பழவேற்காடு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சுபஸ்ரீக்கு,

அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன், நான் இங்கே இருக்கிறேன், நம் இரண்டு பேர் நலமும் இப்போதைக்கு இவ்வளவுதான். இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உன் நைனாவின் போனில் அலாரத்தை நிறுத்தினேன். ஏரிக்குப் போகும்போது போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர் அவர், உனக்குத் தெரியும். அது அலமாரியில் கிடந்து, நான் உன்னிடமிருந்து திரும்பி வந்து இறங்கிய நாளிலிருந்து, அவர் படகுக்குக் கிளம்பும் நேரத்துக்குத் தினமும் அடித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் படுத்திருக்கும் பெண்கள் புரண்டு படுப்பார்களே தவிர யாரும் எழுந்து கை வைக்கவில்லை. இன்று நான் எழுந்துபோய் நிறுத்தினேன். உன் அத்தை கஸ்தூரியம்மாள் முழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், "ஏன் நிறுத்துன, தம்பிக்கு அடிக்கிது, அடிச்சிட்டுப் போவட்டுமே" என்றாள். வந்து படுத்துக்கொண்டேன். அலாரம் அடிக்காத வீட்டில் விடிவதற்கு வெகு நேரம் ஆனது.

போனிலேயே பேசலாம்தான். ஆனால் இந்த வீட்டில் எனக்கென்று ஒரு மூலை இப்போது கிடையாது. பாயில் உட்கார்ந்திருக்கிறேன், ஒருத்தி எழுந்து போனால் இன்னொருத்தி வந்து கட்டிப்பிடித்து அழுகிறாள். நீ கூப்பிடும்போதெல்லாம் எல்லார் கண்ணும் என் வாய்மேல் இருக்கிறது. நான் வெறுமனே 'ம்' கொட்டுவதைக் கேட்டு நீ என்ன நினைத்துக்கொண்டு போனை வைத்திருப்பாய் என்றும் தெரியும். அதனால்தான் போன பரீட்சைக் கேள்வித்தாள்களின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன், பள்ளிக்கூட வேலை பாக்கி இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். முடிந்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். படித்ததும் அழித்துவிடு. புதுப்பிக்கக் கொடுத்திருந்த விசா கார்டு கைக்கு வந்துவிட்டது, இனி ஊருக்குக் கிளம்பலாம், கருமாதிக்கு வரட்டுமா வேண்டாமா, நீ சொல்வதுதான் என்று கேட்டு அனுப்பியிருந்தாய். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை பக்கமும் பதில். முதலிலேயே 'வா' என்றோ 'வராதே' என்றோ எழுதிவிட்டு மற்றதை எழுதியிருக்கலாம், ஆனால் எனக்கே எழுதிப் பார்த்தால்தான் தெரியும் போலிருக்கிறது.

உன் சித்தப்பா வரதன் முடிவாகச் சொல்லிவிட்டார். நேற்று பஞ்சாயத்தார் நாலு பேர் வந்து கருமாதிக்கு எந்தெந்தக் குப்பத்துக்குச் சொல்லி அனுப்புவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வரதன் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, "அண்ணி, அவ வரக்கூடாது. வந்தா நா காரியம் செய்ய மாட்டேன். அண்ணன் மொகத்த உன்னப் பாக்க வுடாம பண்ணவ அவ, நாங்க இல்ல" என்றார். பஞ்சாயத்தார் தலையைத் தலையை ஆட்டினார்கள். கருமாதி அன்று அவர்கள் உட்கார்ந்து அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டால் அது சொல்லோடு நிற்காது என்பது உனக்குத் தெரியும். இந்த ஊரில் உனக்குப் பிறந்த வீடு இல்லை என்று ஆகிவிடும். நாளைக்கு உன் கல்யாணத்துக்குத் தாம்பூலம் வாங்க ஒருவரும் வரமாட்டார்கள், நான் செத்தால் நீ வந்து நிற்க முடியாது. இந்த ஊரில் பஞ்சாயத்து வாய்விட்டுச் சொன்னதைத் திரும்ப எடுத்து நான் பார்த்ததில்லை. வரதன் கெட்டவர் இல்லை சுபா. ஒரே படகில் போன இரண்டு பேரில் ஒருவர் மட்டும் கரை ஏறினால், ஏறியவருக்கு யார்மேலாவது பழி சொல்லியாக வேண்டியிருக்கிறது. இனிமேல் படகைத் தொடமாட்டேன், காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு ஒப்பந்த வேலைக்குப் போகிறேன் என்கிறார். அந்தத் துறைமுகம் வேண்டாம் என்று உன் நைனாவோடு சேர்ந்து ரோட்டில் உட்கார்ந்தவர்தான் அவரும்.

அவர் உன்னிடம் போனில் அரைகுறையாகச் சொன்னதைத்தான் நீ கேட்டிருப்பாய். எனக்கு விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் முழுவதும் சொன்னார். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வலையை இழுத்துக்கொண்டிருந்தபோது மேற்கே இடித்துக்கொண்டு காற்று திடீரென்று மாறியிருக்கிறது. ஏரித் தண்ணீர் கடலுக்குள் வேகமாக வடிந்துகொண்டிருந்த நேரம். படகு குறுக்கே திரும்பி ஒரே அலையில் கவிழ்ந்துவிட்டது. வரதன் கைக்கு டீசல் கேன் கிடைத்தது. உன் நைனா காலில் வலைக்கயிறு சுற்றியிருந்ததைப் பார்த்ததாகச் சொல்கிறார், பிறகு பார்க்கவில்லை என்கிறார். அன்று இந்தப் பக்கத்துக் குப்பம் ஒன்றிலும் யாரும் தொழிலுக்குப் போகவில்லை, தோணிரேவுக் குப்பத்திலிருந்தும் படகுகள் வந்து தேடியிருக்கின்றன. பொழுது சாயும்வரை தேடியும் கிடைக்காததால், கூப்பிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

நம் தெருப் பழக்கம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, சின்ன வயதில் உன் கண்ணால் பார்த்ததுதான். இங்கே எந்தப் பெண்ணும் புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்வதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்பவளை விட்டுச் சொல்லச் சொல்வாள். நான் பி.ஏ. படித்தவள், கேட்ட இடத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேனே தவிர சொன்னது கிடையாது. ஒரே ஒரு சமயத்தில் மட்டும் சொல்லியாக வேண்டும். தண்ணீருக்குள் போனவர் கிடைக்கவில்லை என்றால், அவர் பெண்டாட்டி கரையில் நின்று மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அந்தக் குரலுக்குத்தான் தண்ணீர் ஆளைத் திருப்பிக் கொடுக்கும் என்பார்கள். பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா அவள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டபோது நீ எட்டாவது படித்துக்கொண்டிருந்தாய், கூட்டத்துக்குள் புகுந்து முன்னால் போய் நின்றாய். இந்தத் தடவை கூப்பிட வேண்டியவள் இங்கே இல்லை. உன் அத்தைதான் போய் நின்று கூப்பிட்டிருக்கிறாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைத்தான் சொல்லி அழுகிறாள். "தாலி கட்டிக்கினவ கூப்புட்டிருந்தா அன்னிக்கே வந்திருப்பான். அக்காக்காரி கூப்புட்டா இன்னான்னு ராத்திரி பூரா தண்ணிலயே கெடந்தான். இவ அங்க பூ வெச்சிகினு பல்லக் காட்டிகினு நிக்கறா."

அந்தப் பூ வைத்த படத்தை இங்கே பார்க்காத ஆள் இல்லை. உன்னைப் பார்க்க வந்து, குல்டீகா அருவிக்குப் போயிருந்தபோது விடுதியின் வைஃபையில் நான் ஸ்டேட்டஸ் வைத்தேனே, அதுதான். இங்கே ஊரே கரையில் நின்றுகொண்டிருந்தபோது ஒவ்வொருவர் போனிலும் நான் கிளிப்பச்சைப் புடவையில் நீர்வீழ்ச்சி ஓரத்தில் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். தலையில் இருந்தது பெயர் தெரியாத ஊதாப் பூ, ஏதோ ஒரு வீட்டு வேலியிலிருந்து ஒரு கொத்து ஒடித்து நீதான் செருகிவிட்டாய். நான் போடும்போது எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. அதை யாரிடம் போய்ச் சொல்ல.

அதற்கு முந்தின நாட்களை நினைத்தால் வேறு யாரோ போய்விட்டு வந்தது போல இருக்கிறது. நெத்திலிக் கருவாட்டை நாலு சுற்றுச் சுற்றிப் பெட்டிக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்து உன் அறையில் வறுத்தேன், மாடிக்காரம்மா கதவைத் தட்டி ஏதாவது எரிகிறதா என்று கேட்டாள், நாம் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ரிகாவில் கோயில் கோபுரங்களின் உச்சியில் சிலுவைக்குப் பதில் சேவல் நிற்பதைப் பார்த்துவிட்டு, நான் வகுப்பில் வரைபடத்தில் குச்சி வைத்துக் காட்டுகிற புள்ளிக்குள் இவ்வளவு தெருக்கள் இருக்கின்றனவா என்று கேட்டேன். சேசிஸ் கோட்டையில் ஆளுக்கொரு மெழுகுவத்தி விளக்கைக் கையில் கொடுத்து உள்ளே அனுப்பினார்கள், வளைந்து வளைந்து ஏறும் இருட்டுப் படிக்கட்டில் நீ முன்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு, "பாத்து வாம்மா, கால அகட்டி வெய்" என்று நான் உனக்குச் சொன்னதையெல்லாம் எனக்கே சொன்னாய். குல்டீகாவுக்குப் போய்ச் சேர்ந்த சாயங்காலம் அந்த ஆறு முழு அகலத்துக்கும் ஒரு ஆள் உயரம்கூட இல்லாமல் விழுவதைப் பார்த்து, இதற்கா இவ்வளவு தூரம் என்று நினைத்தேன். பிறகு மீன் எகிறத் தொடங்கியது. வெள்ளைத் தண்ணீரைப் பிளந்துகொண்டு மேலே மேலே எகிறி, பாறையில் மோதி விழுந்து, மறுபடி எகிறி. வீடியோவில் உன் நைனாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கீழ ஒரு கூடயக் கட்டினா தானா வந்து வுழும். இன்னாத்துக்கு எல்லாம் சும்மா நின்னு வேடிக்க பாக்குறாங்க, துரைங்களுக்குப் பசிக்காதா?" என்றார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். மறுநாள் காலை பாலத்துக்குப் போகும் வழியில் பலகையில் எழுதியிருந்ததை நீ படித்துச் சொன்னாய், பழைய காலத்தில் அங்கே ஆட்சி செய்தவர்கள் நிஜமாகவே அருவிக்குக் கூடை கட்டி மீன் பிடித்திருக்கிறார்கள் என்று. எனக்கு உடனே அவரிடம் சொல்லவேண்டும் போல இருந்தது. போனை எடுத்தேன். அப்போதுதான் உனக்கு அழைப்பு வந்தது.

நீ அந்தச் செங்கல் பாலத்தின் மறுகோடி வரை நடந்துபோய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். திரும்பி வந்து ஆபீசிலிருந்து என்றாய். முகம் வெளுத்திருந்தது, வேலையில் ஏதோ சிக்கல் என்று எடுத்துக்கொண்டேன். என் போனை வாங்கி, ஏதோ அப்டேட் போடவேண்டும் என்று சொல்லி வைத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு அதில் ஒரு அழைப்பும் போகவில்லை, வரவும் இல்லை. காணோம் என்றுதானே சொல்கிறார்கள், ஒரு தடவை புயலில் ஆந்திரப் பக்கம் ஒதுங்கி இரண்டு நாள் கழித்து வந்து நின்றாரே, அதுபோல வந்துவிடுவார் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னாய். அதை நம்புகிறேன். நானாக இருந்தாலும் அந்த முதல் நாள் அப்படித்தான் செய்திருப்பேன்.

மறுநாள் கோல்காவுக்குப் போனோம். உன் தோழியின் காரை நீதான் ஓட்டினாய். வழி முழுவதும் பைன் மரக் காடு, தரையெல்லாம் சின்னச் சின்ன வெள்ளைப் பூ, நடுநடுவே பெயர்ப்பலகையும் நாலு மர வீடும் மட்டும் உள்ள மீன்பிடிக் கிராமங்கள். கவிழ்த்துப் போட்ட படகுகளின் மேல் புல் முளைத்திருந்தது. ஆளே இல்லையே, எல்லாரும் எங்கே போனார்கள் என்று கேட்டேன், நீ காதில் வாங்கவில்லை. முனைக்குப் போய் நின்றோம். ஒரு பக்கம் பால்டிக் கடல், இன்னொரு பக்கம் வளைகுடா. இரண்டு பக்கத்து அலையும் குறுக்கே வந்து ஒன்றின்மேல் ஒன்று மோதி, நடுவில் வெள்ளையாக ஒரு கோடு கடலுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. வேரோடு சாய்ந்த மரங்கள் மணலில் எலும்பு போல வெளுத்துக் கிடக்கின்றன. நீந்துகிற ஆளை வரைந்து அவன்மேல் சிவப்புக் கோடு கிழித்த பலகை ஒன்று நின்றது. அந்த இழுப்பைப் பார்த்ததும் நம் முகத்துவாரம்தான் எனக்கு ஞாபகம் வந்தது, உன் நைனாவாக இருந்தால் இந்தப் பக்கம் படகையே விடமாட்டார் என்று சொன்னேன். உன்னிடம்தான் சொன்னேன் சுபா, அவர் தண்ணீருக்குள் போன மறுநாள்.

நீ என் கையைப் பிடித்தாய். "அம்மா, நைனா பேர ஒரு தடவ சத்தமாக் கூப்புடு. இங்க யாருக்குத் தெரியப் போவுது" என்றாய். போடி பைத்தியம் என்றேன். நீ விடவில்லை, உன் ஆயுசில் ஒரு தடவையாவது கூப்பிட்டுப் பார், வீடியோ எடுத்து அவருக்கே அனுப்புகிறேன் என்றாய். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அவ்வளவு தூரம் போன பிறகு, தெரிந்தவர் ஒருவரும் இல்லாத ஒரு கரையில், எனக்கே நான் கொஞ்சம் புதிதாக இருந்தேன். கூப்பிட்டேன். சத்தமே வரவில்லை. இன்னும் சத்தமாக என்றாய். இரண்டாம் தடவை கூப்பிடும்போது சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாவது தடவை வேண்டும் என்றாய். மூன்றாவது தடவை முழுத் தொண்டையில் கூப்பிட்டேன், நாயோடு நடந்து வந்த வயதான தம்பதி, நான் யாரையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து நின்று பார்த்தார்கள். நீ வீடியோ எடுக்கவில்லை. விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாய், வரும்போது கண் சிவந்திருந்தது, கேட்டதற்கு மணல் என்றாய்.

அன்று சாயங்காலம் இருட்டுவதற்கு முன்னால் தோணிரேவுக்காரர்களுக்கு உன் நைனா கிடைத்தார். வரதன் சொன்ன பொழுதையும் நாம் முனையில் நின்ற பொழுதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஏழாம் வகுப்புக்கு நேர வித்தியாசம் நடத்துகிறவள் நான், கணக்குப் போட வெகு நேரம் ஆகவில்லை, நான் கூப்பிட்டு முடித்த கொஞ்ச நேரத்தில்தான் கிடைத்திருக்கிறார். தண்ணீருக்குக் காது கிடையாது, வெயில் காலத்தில் ஏரிக்குள் போன உடல் அவ்வளவு பொழுதில் தானாக மேலே வரும், அதுவும் எனக்குத் தெரியும். உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கோவிந்தம்மா கூப்பிட்டதைப் பார்த்துவிட்டு வந்து இதெல்லாம் மூடநம்பிக்கை என்று அந்த வயதிலேயே நைனாவோடு வாதாடியவள் நீ. அந்த நீ, யாருக்கும் தெரியாமல், எனக்கும் தெரியாமல், என்னைக் கொண்டுபோய் ஒரு கரையில் நிறுத்திக் கூப்பிட வைத்திருக்கிறாய். இதை நினைக்கும்போதுதான் எனக்கு இங்கே வந்து முதல் தடவையாக அழுகை வந்தது. அத்தை 'கூப்பிட ஆளில்லை' என்று மாரில் அடித்துக்கொள்ளும்போது, கூப்பிட்டேன் என்று சொல்ல வாய்வரை வருகிறது. சிரித்துக்கொண்டே கூப்பிட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டுமே என்று விழுங்கிவிடுகிறேன்.

இதுவரை எழுதியதை வைத்து அம்மா என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. அடுத்ததற்கு வருகிறேன். பொன்னேரி ஆஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனை முடித்து உடலைக் கொடுத்தபோது வரதன் உன்னைக் கேட்டிருக்கிறார், ஐஸ் பெட்டியில் வைக்கிறோம், அண்ணியை எப்போது அழைத்து வருவாய் என்று. மறுநாள் ராத்திரி வந்து சேருகிற மாதிரி டிக்கெட் இருந்தது, அதையும் பிறகு என்னிடம் நீயே ஒத்துக்கொண்டாய். "வேணாம் சித்தப்பா, பொதச்சிடுங்க, அம்மா இதப் பாக்க வேணாம்" என்று சொல்லியிருக்கிறாய். ஏன் சொன்னாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கோவிந்தம்மா புருஷனைக் கரையில் கிடத்தியிருந்ததைப் பார்த்துவிட்டு வந்து நீ எத்தனை நாள் சோற்றைத் தொடாமல் எனக்கும் நைனாவுக்கும் நடுவில் படுத்துக்கொண்டிருந்தாய் என்பதை நான் மறக்கவில்லை. மீன் தின்ற முகம் என்று தூக்கத்தில் சொல்வாய். அந்த முகத்தை எனக்குக் காட்டக்கூடாது என்று நீ நினைத்தது பாசம்தான். ஆனால் சுபா, அது எனக்குச் சேர வேண்டிய முகம். எப்படி இருந்திருந்தாலும், என்ன ஆகியிருந்திருந்தாலும். நீ எனக்குப் பதிலாக அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். உன்னை மன்னித்தேன் என்று எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. வந்தால் அப்போது எழுதுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் உனக்கு நியாயம் செய்ததாகாது. நேற்று மத்தியானம் கூட்டம் கொஞ்சம் குறைந்தபோது கோவிந்தம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "நா பாத்தேன் ஜமுனா. இன்னி வரிக்கும் அந்த மொகந்தான் நிக்கிது. உசுரோட இருந்தப்ப எப்பிடி இருந்தாரோ, அது போயிடுச்சி, நெனச்சாக்கூட வரல. உன் பொண்ண ஒண்ணுஞ் சொல்லாத" என்றாள். எனக்கு இப்போது கண்ணை மூடினால் போனில் கூடை கட்டச் சொல்லிச் சிரித்த முகம்தான் வருகிறது. அது நீ எனக்கு வைத்துக் கொடுத்ததா, இல்லை நீ எடுத்துக்கொண்டதற்கு மிச்சமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அடக்கம் முடிந்த பிறகும் நீ இரண்டு நாள் சொல்லவில்லை. இன்னும் இரண்டு நாள் நீ நைனாவோட பொண்டாட்டியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன் என்று போனில் அழுதாய். ரிகாவில் அந்தப் பெரிய மீன் சந்தைக்குக் கூட்டிப்போனாய். விமானக் கொட்டகை போல வளைந்த கூரைக்குக் கீழே புகைபோட்ட மீன், ஊறப்போட்ட மீன், பாம்பு போல ஒரு மீன். ஒவ்வொரு கடையிலும் நின்று வாசனை பிடித்தேன். நைனாவுக்கு வீடியோ போடு, இதைக் காட்டவேண்டும், கூடை விஷயமும் சொல்லவேண்டும் என்றேன். நீ வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "நைனா இப்ப வலையில இருப்பாரும்மா" என்றாய். அப்போது இங்கே உச்சி தாண்டின வெயில் நேரம். அந்த நேரத்தில் உன் நைனா ஒருநாளும் வலையில் இருந்தது கிடையாது, சாப்பிட்டுவிட்டு வேப்பமர நிழலில் படுத்திருப்பார். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் உன் முகத்தைப் பார்த்தேன். கேட்டால் நீ சொல்லியிருப்பாய். நான் சரி என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்தேன். அன்று முழுவதும் கேட்கவில்லை. விமான நிலையத்தில் நீ என்னைக் கட்டிப்பிடித்த பிடியிலும் கேட்கவில்லை. உனக்கு எது பயமோ அதேதான் எனக்கும் பயம்.

அதனால்தான் சென்னையில் இறங்கி, வெளியே மொட்டைத் தலையோடு நின்ற வரதனைப் பார்த்ததும் நான் அலறவில்லை. எப்போது அடக்கம் செய்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். வீடு வந்து சேர்ந்த பிறகும் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அதையும் ஊர் பேசுகிறது. "இவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும், இல்லாட்டி இப்பிடி கல்லு மாதிரி வந்து எறங்குவாளா" என்று அத்தையே யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. கேட்டபோது கோபம் வந்தது. ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோது வேறு ஒன்று தோன்றியது.

நீ வா. டிக்கெட்டைப் போட்டுவிடு. புதுக் கார்டையும் பாஸ்போர்ட்டையும் பெட்டியில் வைக்காதே, கைப்பையில் வைத்துக்கொள். எனக்கு ஒன்றும் வாங்கி வராதே. வெளிர்நிறத்தில் ஒரு புடவை எடுத்துக்கொள், இல்லாவிட்டால் இங்கே என்னுடையது இருக்கிறது. விமானத்தில் கொடுப்பதைச் சாப்பிடு, வெறும் வயிற்றோடு வந்து இந்தக் கூட்டத்துக்கு நடுவில் நிற்க முடியாது. வரதன் உன்னை அழைக்க வரமாட்டார், பொன்னேரி வரை ரயிலில் வந்துவிட்டு ஆட்டோ பிடித்துக்கொள். வந்ததும் நேராக உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார், யார் என்ன கேட்டாலும் பேசாதே. எங்கே இருந்தாலும் தண்ணீர் உன்னைத் தொடாமல் நீ நூறு வயது இருக்கவேண்டும், உன் நைனா பெயருக்கு நீ ஒருத்திதான் இருக்கிறாய்.

கருமாதி அன்று பஞ்சாயத்தார் உட்கார்ந்ததும், வரதன் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் எழுந்து பேசப்போகிறேன். பாலத்தில் போன் வந்த அன்றைக்கே சுபா என்னிடம் சொல்லிவிட்டாள் என்று சொல்வேன். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அடக்கம் பண்ணச் சொன்னதும் நான்தான், எனக்குத் தெரியாது என்று சொல்லி மகளையே பழியை ஏற்கச் சொன்னதும் நான்தான் என்று சொல்வேன். கூப்பிட வேண்டிய கடமைக்கு ஒரு கடல் ஓரத்தில் நின்று மூன்று தடவை கூப்பிட்டேன் என்றும் சொல்வேன். அந்த நாயோடு வந்தவர்களைத் தவிர சாட்சி இல்லை. புருஷன் போனது தெரிந்தும் ஊர் சுற்றினவள் என்று இனி நான் இருக்கும்வரை பேசுவார்கள், பேசட்டும், நான் இங்கேயே இருந்து கேட்டுக்கொள்கிறேன். உன்னைத் தள்ளி வைக்க அவர்களுக்குக் காரணம் இருக்காது. மன்னிப்பு வேறு, இது வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. நான் பேசும்போது நீ குறுக்கே ஒரு வார்த்தை பேசக்கூடாது, அழுதால் தலையைக் குனிந்துகொண்டு அழு. இதை இந்த வீட்டில் இன்னும் ஒருவரிடமும் நான் சொல்லவில்லை.

உன் அம்மா,
ஜமுனா